ஸ்லோ நிக்காத வண்டி

தருமபுரி நாலு ரோடு சிக்னலில் சிவப்பு விழ, பிரேக்கை அழுத்தி நின்ற மறுநொடி மகனுடைய காரில் இன்ஜின் அணைந்துபோனது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பின்னால் நின்ற பாலக்கோடு பஸ்காரர் ஹாரனில் கை வைப்பதற்குள் என் கை தானாகவே சோக்கைத் தேடி டாஷ்போர்டைத் துழாவியது, கால் ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்துப் பார்க்கத் துடித்தது, வாய், நாற்பது வருஷமாக எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாத ஒரு வாக்கியத்தைச் சொன்னது: "ஸ்லோ நிக்கல."

மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதுவா நிறுத்திக்குதுப்பா. பெட்ரோல் மிச்சம். பிரேக்கை விடுங்க, அதுவே எடுத்துக்கும்" என்றான். விட்டேன். எடுத்துக்கொண்டது.

சிக்னலில் வண்டி நின்றுபோவதை நோய் என்று நம்பி, அதைத் தீர்க்க எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை நான் பலி கொடுத்திருக்கிறேன்! இப்போது அதற்கு ஒரு பட்டன் வைத்து, வசதி என்று பெயர் சூட்டி, விலையும் போட்டு விற்கிறார்கள்.

கார் வைத்திருந்தவர்களுக்கும், கார் வைத்திருந்தவர்களின் பக்கத்தில் நின்று பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கும் ஸ்லோ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கால் எதையும் மிதிக்காதபோது இன்ஜின் தன் மூச்சிலேயே தான் நிற்பது. நிமிஷத்துக்கு எழுநூறு எண்ணூறு சுற்று. புத்தகம் ஐடிலிங் என்று சொல்லும். பட்டறையில் அது ஸ்லோதான். ஸ்லோ சரியாக நின்றால் வண்டி ஆரோக்கியம், தாளம் தப்பினால் உள்ளே எங்கோ கோளாறு. நாடி பிடிப்பது மாதிரி. வைத்தியருக்கும் நோயாளிக்கும் அந்த ஒரு விஷயத்தில் கருத்து வேற்றுமை வராது. எனக்கும் என் மெக்கானிக் பாய்க்கும் மட்டும் வந்தது. ஏனென்றால் நான் அந்த நோயைக் காசு கொடுத்து வாங்கியவன்.

எங்களிடம் ஒரு ஃபியட் இருந்தது. பிரீமியர் பத்மினி என்று 1974-லேயே பெயரை மாற்றிவிட்டார்கள் என்றாலும் எங்கள் ஊரில் அதை யாரும் பத்மினி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 1089 சிசி, சுமார் நாற்பது குதிரைச் சக்தி, ஸ்டியரிங்கின் கழுத்திலேயே கியர், மேலே ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர். அப்பா மாங்காய் வியாபாரத்துக்காக இரண்டு கை மாறி வாங்கிய வண்டி. பருவத்தில் டிக்கியில் ஏற்றிய பெங்களூரா மாங்காயின் பால் வாசனை ஐப்பசி வரைக்கும் போகாது. நல்ல குணமுள்ள, அதிர்ந்து பேசாத வண்டி அது. அதை ரேஸ் காராக்க வேண்டும் என்று உலகத்தில் ஒருவனுக்குத் தோன்ற முடியுமானால், அவன் 1980-களின் தொடக்கத்தில் ஒரு பிப்ரவரி மாதம் சோழவரம் போய் வந்தவனாகத்தான் இருக்க முடியும்.

சோழவரம் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ. சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம். யுத்தம் முடிந்து விமானங்கள் போனபின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அதில் வருஷா வருஷம் பந்தயம் நடத்தினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான டிராக் வருவதற்கு முந்தைய காலம். வெயில், வைக்கோல் கட்டுகள், கயிற்றுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஜனக்கடல். கோயம்புத்தூர் கரிவரதன், கோண்டல் மகாராஜா என்று பெயர்கள் காதில் விழும். விஜய் மல்லையாவை அந்த நாளில் நாங்கள் வேகமாகக் கார் ஓட்டுபவர் என்றுதான் அறிந்திருந்தோம். எனக்குப் பந்தயம் அவ்வளவாக நினைவில் இல்லை. நினைவில் நிற்பது பந்தயத்துக்கு முன்னால் வண்டிகள் ஓரமாக நின்றபடி உறுமிக்கொண்டிருந்த சத்தம். ஒன்றும் ஒரே சீராக நிற்கவில்லை. லப்... டப்... லலப்... ஒரு நொடி மௌனம், செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி லப். கட்டிப்போட்ட காளை மூச்சுவிடுவது மாதிரி. இருபத்து நாலு வயசுக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தத் தாளம் தப்பல் அழகுக்காக வைத்ததில்லை என்பதும், அது ஒரு நஷ்டக் கணக்கு என்பதும் பின்னால் தெரிந்தது. ரேஸ் இன்ஜினின் கேம்ஷாஃப்ட்டில் உள்ளே விடும் வால்வும் வெளியே தள்ளும் வால்வும் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் திறந்திருக்கும்படி செதுக்கியிருப்பார்கள். ஐயாயிரம் சுற்றில் அது இன்ஜினுக்கு வரம். ஸ்லோவில் அதுவே சாபம்: எரிந்த புகை வெளியே போகாமல் உள்ளே வருகிற காற்றோடு கலந்து, ஒரு சிலிண்டர் பற்றும், அடுத்தது விக்கும். அதாவது அந்த லப்-டப் என்பது வேகத்துக்காக அவர்கள் கொடுத்த விலை. நான் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேறொரு கேம்ஷாஃப்ட்டைத் தேய்த்து, ஹெட்டையும் ஒரு சீவு சீவி வாங்கினேன். அப்பாவிடம் சொன்னது "வால்வ் வேலை." பொய்யில்லை. முதல் நாள் காலை வாசலில் ஸ்டார்ட் செய்தபோது அவர் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பேப்பரை மடித்தார். "என்னடா, வண்டிக்கு ஈளை வந்துடுச்சா?" என்றார்.

பாயின் பட்டறை பென்னாகரம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. மேலே நாலு தகரம், கீழே முப்பது வருஷத்து ஆயில் குடித்துக் கறுத்த மண், அந்த மண்ணில் விழுந்த நட்டைத் தேட ஒரு காந்தம், காந்தத்தைத் தேட ஒரு பையன். பாய்க்கு அப்போது ஐம்பது வயசிருக்கும். அவருக்கு எந்தப் பள்ளிக்கூடம் இன்ஜின் சொல்லிக் கொடுத்ததோ தெரியாது. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் சைலன்ஸர் வாயில் உள்ளங்கையை வைப்பார். புஸ் புஸ் என்று சமமாக அடிக்கிறதா, ஒரு மூச்சு குறைகிறதா என்று கையே சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் சினிமா நோட்டீஸ் ஒன்றைக் கிழித்துப் பின்னால் பிடிப்பார்; காகிதம் வெளிப்பக்கம் மட்டும் படபடத்தால் சரி, அவ்வப்போது உள்ளே இழுத்தால் ஒரு வால்வ் வெந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு முன்னால் வந்து, காய்ந்த துணியைக் கையில் சுற்றி, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டுவார். எதைப் பிடுங்கும்போது சத்தம் இறங்குகிறதோ அந்த சிலிண்டர் வேலைக்காரன். பிடுங்கியும் மாறாமல் இருக்கிறானே, அவன்தான் சும்மா சம்பளம் வாங்குகிறவன். (துணி சுற்றாமல் ஒருமுறை நான் செய்து பார்த்தேன். முழங்கை வரைக்கும் வந்த அந்தப் பாடம் இன்னும் மறக்கவில்லை.)

அதன்பின் ஒரு ஒழுங்கில் வேலை நடக்கும். டெல்கோ என்று நாங்கள் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயிண்டை உரசி, பத்தில் நாலு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி வைப்பார். ஃபீலர் கேஜ் இருந்தது, ஆனால் பெரும்பாலும் அது இருக்கும் இடம் தெரியாது, மடித்த பஸ் டிக்கெட்தான். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார்: செங்கல் நிறம் என்றால் சுகம், கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பு என்றால் எங்கோ ஏர் இழுக்கிறது. ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். ஊசியால் குத்த வந்த பையனின் மண்டையில் ஒரு குட்டு விழும். ஓட்டை மயிரிழை பெரிதானால் ஜெட் அத்தோடு போச்சு. ஏர் இழுக்கும் இடத்தைத் தேட அவரிடம் ஒரு முழம் ரப்பர் குழாய் இருந்தது. ஒரு முனை காதில், மறுமுனை பேக்கிங் ஓரமாக ஊர்ந்து போகும். 'ஸ்ஸ்' கேட்ட இடத்தில் குழாய் நிற்கும், பாயும் ஒரு புன்னகையோடு நிற்பார்.

கடைசியாகத்தான் டீ. எதிர்க்கடையிலிருந்து வந்த கண்ணாடி டம்ளரை ஏர் ஃபில்டர் மூடிமேல் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சிறிய திருப்புளியால் கலவை ஸ்க்ரூவை உள்ளே, வெளியே, உள்ளே என்று கால் கால் சுற்றாகத் திருப்புவார். டீயின் மேல் வட்டம் வட்டமாக அலை எழும். ஸ்க்ரூ சரியான இடத்துக்கு வரவர அலை சிறுத்து, கடைசியில் ஆடை படிந்த டீ லேசாக நடுங்குவதோடு நின்றுவிடும். அப்போது கண்ணைத் திறந்து டம்ளரை எடுத்துக் குடிப்பார். ஆறிப்போயிருக்கும். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் வண்டியில் வைத்த டம்ளர் மூன்றாவது லப்பில் சரிந்து விழுந்தது. பாய் இன்ஜினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நோய்னா மருந்து இருக்கு. இது நீ காசு குடுத்துச் செஞ்ச நோய். இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல." சொல்லிவிட்டு ஒரு காரியம் செய்தார். கேம் மாற்றியபோது கழற்றி, இரும்புக்கடைக்குப் போடு என்று நான் விட்டுப்போன பழைய கேம்ஷாஃப்ட்டை எடுத்து, ஆயில் தடவி, பழைய லுங்கித் துணியில் சுற்றி, தகரத்துக்குக் கீழே மூங்கில் சட்டத்தில் சொருகி வைத்தார். எதற்கு பாய் என்றேன். "இருக்கட்டும். கல்யாணம் ஆகப்போறப்ப கேப்பே."

அந்த ஸ்லோ நிற்காத காரோடு நான் செய்த வீரதீரங்களில் சொல்லக்கூடியது தொப்பூர். சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் இறக்கம் தொடங்குமிடத்தில் நியூட்ரல் போட்டுவிடுவது அந்தக் காலத்து ஓட்டுநர் கலைகளில் ஒன்று. பெட்ரோல் ஒற்றை இலக்க ரூபாய்க்கு விற்றது. அதையும் மிச்சம் பிடித்தோம். ஒரு சாயங்காலம் அப்படி நியூட்ரலில் உருண்டுகொண்டிருந்தபோது லப், டப், லலப் என்று வந்த சத்தம் அடுத்த லப்புக்கு வரவேயில்லை. முதலில் பிடித்திருந்தது. காற்று மட்டும் கேட்டது, மலைச்சரிவில் எங்கோ ஆட்டு மணி கேட்டது. இரண்டாவது வளைவில்தான் பிரேக் டிரம்மிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது, பெடல் பஞ்சு மாதிரி கீழே போனது. எப்படி மூன்றாவது கியரைத் தேடிப் போட்டு கிளட்சை விட்டேன் என்று கேட்காதீர்கள். கோயம்புத்தூர் கேம் ஒரு உதறு உதறி உயிர்பெற்றது, நானும் பெற்றேன். கீழே வந்து நிறுத்தியபோது முழங்கால் இரண்டும் ஸ்லோ நிற்கவில்லை.

இன்றைக்கும் தொப்பூரில் நியூட்ரல் போட்டு இறங்கும் லாரிகளால் இரட்டைப் பாலத்தருகே விபத்து நடந்துகொண்டேதான் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போதைய கார்களில் நியூட்ரலால் மிச்சமே இல்லை. கியரில் விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை அடைத்துவிடுகிறது, ஒரு சொட்டு போவதில்லை. நியூட்ரல் போட்டால்தான், ஐயோ ஸ்லோ நிற்க வேண்டுமே என்று பெட்ரோல் விடுகிறது. நான் உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடித்ததை இது சும்மா உட்கார்ந்தே பிடிக்கிறது.

பாய் சொன்ன நாளும் வந்தது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பெண் பார்க்கப் போனோம். ரேஸ் கார் மாப்பிள்ளை என்ற மிதப்பில் அவர்கள் வாசலில் ஒரு நிமிஷம் இன்ஜினை உறும விட்டேன். உள்ளே யாரோ, "என்ன லாரி வந்திருக்குது?" என்று கேட்டது காதில் விழுந்தது. பஜ்ஜி, கேசரி, காப்பி எல்லாம் ஆகி, நல்ல வார்த்தை சொல்லி விடைபெற்று உட்கார்ந்தால் வண்டி எடுக்கவில்லை. சூடு ஏறிய இன்ஜின், மூழ்கிய பிளக். எத்தனை முறை சாவியைத் திருப்பியும் ஈளை இருமல்தான். கடைசியில் பெண்ணின் அண்ணன்மார் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் தள்ளினார்கள். கல்யாணம் நடந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், "உங்க வண்டியைத் தள்ளிவிட்டதே எங்கண்ணனுங்கதானேங்க" என்ற இடத்தில்தான் போய் முடியும்.

பெண் பார்த்த மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாயும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூல் மேல் ஏறி, மூங்கில் சட்டத்திலிருந்து லுங்கித் துணிப் பொட்டலத்தை எடுத்துக் கீழே கொடுத்தார்.

நாலு ரோடு சிக்னலில் என்னைப் பயமுறுத்திய மகனின் காருக்கு அடுத்த வாரமே நிஜமாக உடம்பு சரியில்லாமல் போனது. பெங்களூரில் கை மாறி வாங்கிய, டர்போ வைத்த வேக ரகம். கம்பெனி பெயரை விடுங்கள், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. முதலில் அந்தத் தானாக அணையும் வசதி வேலை செய்வதை நிறுத்தியது. பிறகு சிக்னலில் நின்றால் முள் 600-க்கும் 1000-க்கும் நடுவே ஊஞ்சலாடியது. மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷம் கழித்து ஒரு கார் என்னிடம் வந்து கையை நீட்டியிருக்கிறது, நாடி பார் என்று.

பின்பக்கம் போய் உள்ளங்கையை வைத்தேன். தலையை ஆட்டினேன். "பிளக்" என்று தீர்ப்புச் சொன்னேன். கழற்றிப் பார்த்தால் செங்கலும் இல்லை, கரியும் இல்லை. ஈயம் இல்லாத பெட்ரோலில் வளர்ந்த பிளக், ஜாதகம் எழுதாத குழந்தை மாதிரி வெறும் முகத்தோடு இருந்தது. இருந்தாலும் தீர்ப்பை மாற்றவில்லை. நாலு புதுப் பிளக் வாங்கினோம். அந்தக் காசுக்கு அன்று பாய் பட்டறையில் பல வருஷம் டீ குடித்திருக்கலாம். மாட்டினோம். முள் மறுபடி ஊஞ்சலாடியது.

பைபாஸ் ஓரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பாலிடெக்னிக் படித்த பையன், கையில் ஒரு துளி கறை இல்லை. பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பொட்டலத்தைச் சொருகி, கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான். "பி 0300, பி 0171 சார்." முதலாவது, சிலிண்டர்கள் மாறி மாறி மிஸ்ஸிங். இரண்டாவது, கலவையில் பெட்ரோல் குறைவு. பிறகு ஒரு வரைபடத்தைக் காட்டினான். உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளந்து சொல்கிறது. சைலன்ஸர் பக்கம் இருக்கும் இன்னொரு சென்சார், அளந்ததைவிட அதிகக் காற்று எரிந்திருக்கிறதே என்று கோள் சொல்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கம்ப்யூட்டர், வந்த கணக்கை விட்டுவிட்டு 23 சதவீதம் பெட்ரோலைக் கூட்டிப் போட்டு ஒப்பேற்றப் பார்க்கிறது. "இப்ப பாருங்க" என்று ஆக்சிலேட்டரை 2500 சுற்றில் பிடித்தான். 23 இறங்கி 4-க்கு வந்தது. "ஸ்லோல மட்டும் கூடுது, ரேஸ் பண்ணா சரியாகுது. எங்கியோ ஏர் இழுக்குது சார்."

ஏர் இழுக்குது! அந்த இரண்டு வார்த்தைகளுக்காக அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன். எத்தனை சென்சார், எத்தனை சதவீதம், கடைசியில் பாயின் பாஷைக்குத்தான் வந்து சேர்ந்தான்.

ரப்பர் குழாய் எடுப்பான் என்று பார்த்தால் ஒரு பெட்டியை எடுத்தான். இன்ஜினை அணைத்துவிட்டு, காற்று போகும் வழியில் அந்தப் பெட்டியிலிருந்து வெள்ளைப் புகையை ஏற்றினான். சாமிக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி ஒரு நிமிஷம். பிறகு இன்ஜினுக்குப் பின்புறம், கைகூட நுழையாத ஓர் இடுக்கிலிருந்து மெல்லிய நூலாகப் புகை எழுந்தது. கழற்றினால் விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ். அதில் அரிசி அரிசியாகப் பல் தடம்.

"எலி சார். வண்டியை எங்க நிறுத்துறீங்க?"

மாட்டுக்கொட்டகையில் என்றேன். வேறு யார் அங்கே இருக்கிறார்கள் என்பதை அவனிடம் சொல்லவில்லை. ஃபியட் இருக்கிறது. சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, மேலே தார்ப்பாய் போட்டு, இருபது வருஷமாக. அதன் சீட்டுக்குள் இருக்கும் தேங்காய் நாரில் தலைமுறை தலைமுறையாக எலிகள் குடும்பம் நடத்துகின்றன. பக்கத்து வண்டியின் ஹோஸைக் கடித்தவை அங்கிருந்து புறப்பட்டு வந்தவைதான்.

புது ஹோஸ் வரும்வரை கடித்த இடத்தை வெட்டிவிட்டு மாட்டிப் பார்க்கலாம் என்றான். மாட்டுவதற்கு முன், எனக்குக் காட்டுவதற்காக, பழைய நிலையிலேயே ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஓட்டை இருந்த பக்கம் காதைச் சாய்த்தான். "ஸ்ஸ்னு கேக்குது பாருங்க சார்." குனிந்தேன். இன்ஜின் சத்தம் கேட்டது, விசிறி கேட்டது, பைபாஸில் லாரி போவது கேட்டது. அந்த 'ஸ்ஸ்' மட்டும் கேட்கவில்லை. காது டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், உச்ச சுருதிகள்தான் முதலில் போகும் என்று. "கேக்குதா சார்?" என்றான் மறுபடியும். கேட்கிறது என்று சொன்னேன்.

வீடு திரும்பும்போது கார் சிக்னலில் ஒழுங்காக அணைந்தது, ஒழுங்காக எழுந்தது. இனி அதுவும் கொஞ்ச காலம்தான் போலிருக்கிறது. மின்சார வண்டிகள் வந்துவிட்டன, அதுவும் எங்கள் பக்கத்திலிருந்தே. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூரும் போச்சம்பள்ளியும் எங்கள் தருமபுரி மாவட்டம்தான். 1980-இல் டிவிஎஸ் 50 புறப்பட்டது ஓசூரிலிருந்து. இரண்டு ஸ்ட்ரோக் ஆகையால் ஸ்லோவில் தாளம் தப்பிப் பட்டபட்டவென்று அடித்துக்கொள்வதே அதன் பிறவிக் குணம், அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அதே ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் செய்கிறார்கள். அவற்றுக்கு ஸ்லோ என்ற ஒன்றே கிடையாது. நிற்கும்போது நிற்கின்றன, அவ்வளவுதான். டீ டம்ளரை எங்கே வைத்தாலும் ஆடாது.

மகன் ஃபியட்டை எடைக்குப் போடச் சொல்கிறான். எலிக்காகவாவது போடுங்கள் என்கிறாள் அவனுடைய அம்மா, அண்ணன்மார் தள்ளிய கதையைச் சொல்லிவிட்டு. நான் எலிப்பொறி ஒன்று வாங்கி வைத்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்கினேன். இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. டெல்கோ இருக்கிறது, பாயிண்டை உரசிவிட்டேன், பஸ் டிக்கெட்டுக்குத்தான் இப்போது ரோல் பேப்பர், மெலிசு. சோலெக்ஸ் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். ஸ்லோ ஜெட்டை மட்டும் காணவில்லை. எந்தக் காலத்தில் கழற்றி எந்த டப்பாவில் போட்டேனோ. சேலம் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் கேட்டாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில், இரும்பு டப்பாவில், பழைய ஃபியட் சாமான் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பித்தளையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கும். நடுவில் ஒரு ஓட்டை. தயவுசெய்து ஊசியால் குத்திவிடாதீர்கள்.